பதில்: அக்காவின் விவாகரத்து மனு பேப்பரில் வந்தது பற்றி

அண்ணாச்சி, அக்காவோட விவாகரத்து மனுவுல இருந்ததைக் கல்யாண போட்டோவோட உள்ளூர் வாரப் பத்திரிகை போட்டுட்டு, "கோர்ட் ரெக்கார்டுதானே"ன்னு சொல்லுதாங்கன்னு எழுதியிருக்கீங்க. முழுசா தப்புன்னு சொல்ல முடியாது. 1994-ல ஆட்டோ சங்கர் வழக்குல, ஒருத்தரோட கல்யாணம், குடும்பம் பத்தி சம்மதமில்லாம எழுதக்கூடாதுன்ன உச்ச நீதிமன்றம், பொது ஆவணத்துல உள்ளதை எழுதலாம்னும் சொல்லுச்சு. அதைத்தான் பிடிச்சுக்கிட்டு நிக்காங்க.

ஆனா வழக்கு இந்து திருமணச் சட்டப்படி நடக்குன்னா 22-வது பிரிவைக் காட்டுங்க. விசாரணையே மூடின அறையிலதான். அதுல உள்ளதை அச்சடிக்கவே கூடாது. உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்பை மட்டும், அதுவும் அனுமதி வாங்கிப் போடலாம். மீறினா அபராதம் 1,000 ரூபா வரைக்கும்தான், கேட்டா சிரிப்பு வரும். ஆனாலும் ஆசிரியருக்கு ஸ்பீடு போஸ்ட்ல எழுதுத கடுதாசியில இந்தப் பிரிவு இருந்தா தொனியே மாறும்.

தேதி தெரியுத மாதிரி அந்தப் பக்கத்தை முழுசா எடுத்து வைங்க, வெட்டிராதீங்க. ஆசிரியர் அசையலைன்னா, பத்திரிகைங்க மேல வருத புகாரை விசாரிக்குத பிரஸ் கவுன்சிலுக்குப் போங்க. வாரப் பத்திரிகைன்னா செய்தி வந்து 2 மாசத்துக்குள்ள புகார் போகணும். யூடியூப்ல வந்திருந்தா அங்க எடுபடாது. பாளையங்கோட்டை கோர்ட்டுல அக்காவுக்கு ஆஜராகுத வக்கீல் மூலமா, இனிமே அதை வெளியிடக்கூடாதுன்னு தடை கேளுங்க.

முதல்ல அக்காகிட்ட கேட்டீங்களா? சண்டை போடணுமா வேண்டாமான்னு அவங்கதான் சொல்லணும்.