ரெஸ்ட் எப்போது விழுகிறது? (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். மிச்சிகனிலிருந்து எழுதுகிறேன். காம்பவுண்ட் வில்லில் (கேபிள்களும் கேம் என்னும் சக்கரங்களும் உள்ள வில்) அம்பைத் தாங்கும் ரெஸ்ட்டாக இதுவரை விஸ்கர் பிஸ்கட்தான் வைத்திருந்தேன், அம்பைச் சுற்றிலும் குச்சமயிர் பிடித்திருக்கும் வகை. இந்தக் கோடையில் நண்பர் ஒருவர் தன்னிடம் சும்மா கிடந்த ட்ராப்-அவே ரெஸ்ட்டைக் கொடுத்தார், எய்ததும் கீழே விழுந்து விலகுவது, லிம்பில் (வில்லின் வளையும் கையில்) கயிறு கட்டும் வகை. நானே மாட்டினேன். ஃபீல்ட் பாயிண்ட் (பயிற்சிக்கான சாதா முனை) போட்டு முப்பது யார்டில் எய்தால் எல்லாம் உள்ளங்கை அகலத்துக்குள் விழுகிறது. வேட்டைக்கான பிளேடு வைத்த முனையை, ப்ராட்ஹெட்டை மாட்டினால் ஒன்று வலப்பக்கம் போகிறது, ஒன்று கீழே, ஒன்று சரியான இடத்தில். சைட்டை (குறிபார்க்கும் கருவியை) மாற்றி மாற்றிப் பார்த்து அலுத்துவிட்டது. அக்டோபர் 1 மான் சீசன் தொடங்குகிறது. ரெஸ்ட் பழுதா? பேசாமல் பிஸ்கட்டுக்கே திரும்பிவிடலாமா?

அன்புடன்,
கா.

அன்புள்ள கா.,

முதலில் சைட்டிலிருந்து கையை எடுங்கள். ப்ராட்ஹெட் எல்லாம் ஒரே பக்கமாக, ஒரே அளவு தள்ளி விழுந்திருந்தால் ரெஸ்ட் இருக்கும் இடம் கொஞ்சம் தப்பு என்று சொல்லியிருப்பேன். உங்களுக்கு ஒன்று வலம், ஒன்று கீழ், ஒன்று நேர். இப்படிச் சிதறினால் நான் முதலில் சந்தேகப்படுவது உரசலைத்தான். அம்பின் இறகு போகிற போக்கில் எதிலோ படுகிறது, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறு மாதிரி. ஃபீல்ட் பாயிண்ட் போட்டிருக்கும்போது அந்தச் சின்ன உதையைப் பின்னால் இருக்கும் இறகுகள் சமாளித்து அம்பை நேராக்கிவிடும். ப்ராட்ஹெட்டில் முன்னாலும் பிளேடு இருப்பதால் அதுவும் காற்றைப் பிடித்து இழுக்கிறது, அம்பு கோணலாகக் கிளம்பினால் கோணலாகவே போகிறது. உங்கள் ஃபீல்ட் பாயிண்ட் குரூப், அதாவது அம்புகள் சேர்ந்து விழும் கூட்டம், இவ்வளவு நன்றாக இருப்பதால் எய்யும் முறையில் பெரிய கோளாறு இருக்காது என்றே நினைக்கிறேன்.

இந்த ரெஸ்ட்டிடம் நாம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: முடிந்தவரை அதிக நேரம் அம்பைத் தாங்கு, இறகு வருவதற்குள் விலகிவிடு. கணக்கைப் பார்த்தால் அதற்கு நேரம் உண்டு. நாண் ஓய்வில் இருக்கும்போது கைப்பிடியிலிருந்து சுமார் ஆறரை அங்குலம் பின்னால் நிற்கிறது. இறகின் முன்நுனி, அம்பின் பின்முனையில் நாணில் மாட்டும் ‘நாக்’ (nock) என்ற பிளவிலிருந்து மூன்று அங்குலம் முன்னால் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் அம்பு நாணை விட்டுக் கிளம்பும் கணம்வரை இறகு ரெஸ்ட்டை வந்து சேரவே இல்லை. அதனால்தான் லிம்ப் வகை ரெஸ்ட் கடைசிவரை தாங்கிவிட்டு விழ முடிகிறது, அதுதான் அதன் பலமும். ஆனால் விழுவது முழுதாக விழ வேண்டும், விழுந்த இடத்திலிருந்து துள்ளி எழவும் கூடாது.

இப்போது உங்கள் வகை எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல வீடியோக்களில் கேபிள் வகையையும் இதையும் கலந்துகட்டிச் சொல்கிறார்கள், இரண்டும் நேர் எதிர். கேபிள் வகையில் கயிறு லிம்புக்குப் பதில் வில்லின் கேபிளில் கட்டியிருக்கும். அதில் ஸ்பிரிங் லாஞ்சரை (அம்பு உட்காரும் கவையை) கீழே அழுத்துகிறது, நாணை இழுக்கும்போது கீழே இறங்கும் கேபிள் கயிற்றை இழுத்து லாஞ்சரை நிமிர்த்துகிறது. அங்கே கயிறு குட்டையாக இருந்தால் லாஞ்சர் சீக்கிரம் எழுந்து தாமதமாக விழும், உரசும். லிம்ப் வகையில் ஸ்பிரிங் லாஞ்சரை மேலே தள்ளுகிறது, கயிறுதான் அதைக் கீழே இழுத்து வைத்திருக்கிறது. இழுக்கும்போது லிம்ப் வளைந்து கயிறு தளர்கிறது, லாஞ்சர் எழுகிறது. நாணை விட்டதும் லிம்ப் தன் இடத்துக்குத் திரும்பி, கயிற்றைச் சுண்டி லாஞ்சரைக் கீழே இழுக்கிறது. ஆகவே இங்கே உரசலுக்குக் காரணம் நீளமான கயிறு. கேபிள் வகைக்குச் சொன்னதைக் கேட்டு நீங்கள் கயிற்றைத் தளர்த்தியிருந்தால் நோய்க்கு நேர் எதிரான மருந்து கொடுத்தமாதிரி ஆகிவிடும்.

சரி, செய்ய வேண்டியது. வில் ஓய்வில் இருக்கும்போது லாஞ்சரை விரலால் மேலே தூக்கிப் பாருங்கள். எழுந்து வரக் கூடாது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் எழுந்தாலும் கயிறு தொய்வாக இருக்கிறது, நாண் திரும்பும்போது லாஞ்சர் அடிவரை போகவில்லை. கயிற்றைப் பிடித்திருக்கும் கிளாம்பைத் தளர்த்திக் கயிற்றைக் கொஞ்சம் இழுத்து மறுபடி இறுக்குங்கள். வீணைத் தந்தி மாதிரி விறைக்கவும் வேண்டாம், அப்படிச் செய்தால் ஒவ்வொரு அடியும் கயிற்றிலும் ரெஸ்ட்டின் அச்சிலும்தான் இறங்கும், லாஞ்சரும் தாமதமாக எழுந்து சீக்கிரம் விழும். லாஞ்சர் அடியைத் தொட்டு, கயிறு லேசான இறுக்கத்தில் நின்றால் போதும். அப்புறம் அம்பைப் பூட்டி, இலக்கை நோக்கியபடியே மெதுவாக இழுங்கள், பக்கத்தில் ஒருவரை நிற்கவைத்து லாஞ்சரைப் பார்க்கச் சொல்லுங்கள். இழுப்பு முடிவதற்கு வெகு முன்பே அது முழுதாக நிமிர்ந்துவிட வேண்டும். அம்பில்லாமல் இழுத்துப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், விரல் தவறி வெறும் நாணை விட்டுவிட்டால் லிம்பும் கேமும் போய்விடும், முகத்துக்கும் ஆபத்து.

கயிறு சரியானதும் பவுடர் சோதனை. பாதத்துக்கு அடிக்கிற ஸ்பிரே பவுடர் மருந்துக் கடையில் கிடைக்கும், அதை ரெஸ்ட், ரைசரின் (கைப்பிடி உள்ள நடுத்தண்டின்) உள்பக்கம், கேபிள்கள், அம்பின் பின்பாதி எல்லாவற்றிலும் வெள்ளையாகப் படியும்படி அடித்து, காய்ந்ததும் கிட்டத்திலிருந்து ஒரே ஒரு அம்பு எய்யுங்கள். பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். லாஞ்சரின் கொம்பு நுனியில் பவுடர் சுரண்டப்பட்டு, கீழ் இறகு ஒன்றின் ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரிந்தால் குற்றவாளி அகப்பட்டான். கோடு கேபிளில் விழுந்திருந்தால் ரெஸ்ட் மேல் தப்பில்லை, அம்பின் நாக்-ஐ லேசாகத் திருப்பி இறகுகளின் திசையை மாற்றினாலே பல சமயம் சரியாகிவிடும். போனில் ஸ்லோ மோஷன் எடுக்கலாமே என்று கேட்பீர்கள். நாணை விட்டு அம்பு கிளம்ப ஆகும் நேரம் ஒரு நொடியில் நூறில் ஒன்றரைப் பங்குக்கும் குறைவு, 240 ஃபிரேமில் எடுத்தாலும் அதற்குள் மூன்று படம் வந்தால் அதிகம். லாஞ்சர் துள்ளி எழுகிறதா என்று பார்க்க அது உதவும், உரசலுக்குப் பவுடர்தான் சாட்சி.

இன்னொரு சோதனையும் எனக்குப் பிடிக்கும். ஒரு அம்பின் இறகுகளை உரித்துவிட்டு ஆறடி தூரத்தில் காகிதத்தின் வழியாக எய்யுங்கள், அப்புறம் இறகுள்ள அம்பு. உரித்த அம்பு சுத்தமான ஓட்டை போட்டு, இறகுள்ளது மட்டும் காகிதத்தைக் கிழித்தால் அதற்குமேல் விவாதமே வேண்டாம், இறகு எங்கோ படுகிறது. இரண்டுமே ஒரே பக்கம் கிழித்தால் அது ரெஸ்ட்டின் இடத்தைப் பற்றிய சங்கதி.

அந்த இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உயரத்தை வைக்கும்போது லாஞ்சர் நிமிர்ந்த நிலையில் இருக்க வேண்டும். லிம்ப் வகையில் ஓய்வில் அது படுத்தே கிடப்பதால், கயிற்றைக் கழற்றிவிட்டு அளக்காவிட்டால் எல்லாமே தப்பாகிவிடும். ரெஸ்ட்டின் போல்ட் போகும் துளைக்கு நேராக அம்பு நடுவில் ஓட, நாணுக்குச் செங்குத்தாக நிற்கட்டும். பக்கவாட்டில், பல வில்களுக்கு ரைசரிலிருந்து அம்பின் மையம்வரை 13/16 அங்குலம், அதாவது இருபது மில்லிமீட்டருக்குச் சற்று மேல், நல்ல தொடக்கம். உங்கள் வில்லின் கையேடு வேறு சொன்னால் அதைக் கேளுங்கள்.

உரசல் தீர்ந்த பிறகும் ப்ராட்ஹெட் குரூப் தனியாக ஒரு பக்கம் நின்றால், அப்போதுதான் ரெஸ்ட்டை நகர்த்த வேண்டும். ஃபீல்ட் பாயிண்ட் விழும் பக்கமாக நகர்த்துங்கள்: ப்ராட்ஹெட் வலப்பக்கம் என்றால் ரெஸ்ட் இடப்பக்கம். ஒரு தடவைக்கு 1/32 அங்குலம், அதற்கு மேல் வேண்டாம். இரண்டு குரூப்பும் ஒன்றானதும் சைட்டைத் தொடலாம். கயிறு கிளாம்புக்குள் நுழையும் இடத்தில் வெள்ளி மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைத்தால், நாளைக்குக் கயிறு நழுவினால் கண்ணில் படும். முனையை லைட்டரில் உருக்கிக் குமிழாக்கிவிடுங்கள்.

பிஸ்கட்டுக்குத் திரும்புவதில் ஒரு குறையும் இல்லை. மரத்தின் மேல் பரணில் உட்கார்ந்து இருபது யார்டுக்குள் மானை எதிர்பார்க்கிறவருக்கு அம்பு விழாமல் பிடித்து வைக்கும் பிஸ்கட் மிக நம்பகமானது, அதில் நகரும் பாகமும் இல்லை. நீங்கள் இழந்தால் இழப்பது இறகில் கொஞ்சம் தேய்மானமும் சிறு வேகமும்தான். ஆனால் ஒன்றை மட்டும் உரிமையோடு சொல்கிறேன்: எந்த ரெஸ்ட்டாக இருந்தாலும், ப்ராட்ஹெட் போட்ட அம்பு சொன்ன இடத்தில் விழாதவரை காட்டுக்குப் போகாதீர்கள். நாலு அங்குலம் தள்ளிப்போன அம்பு வயிற்றில் பட்டால் அந்த மான் மணிக்கணக்காகத் துடித்துச் சாகும். சீசன் அக்டோபர் 1ஆம் தேதியோடு முடிந்துவிடுவதில்லை, வில்லுக்கு நவம்பர் 14 வரை இருக்கிறது, அவசரமே இல்லை.

பவுடர் சோதனை முடிந்ததும் கீழ் இறகுகள் இரண்டையும், லாஞ்சரையும் தனித்தனியாகப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். கோடு எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று தெரிந்தால் அடுத்து எந்த ஸ்குரூவைத் தொடுவது என்று சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா