மூங்கிலுக்குள் தேரை – கடிதம்

அன்புள்ள ஐயா,

மூங்கில் தவளையைப் பற்றிய உங்கள் குறிப்பை வாசித்தேன். குளம் குட்டை வேண்டாம், நீந்தும் தலைப்பிரட்டையும் கிடையாது, மூங்கிலுக்குள்ளேயே தவளையாகப் பிறந்துவிடும் என்று எழுதியிருந்தீர்கள். பாட்டி அடிக்கடி சொல்லும் 'கல்லுக்குள் தேரை' நினைவுக்கு வந்தது. போன வாரம் அமிர்தி காட்டில், வெட்டிவிட்ட மூங்கில் கட்டை ஒன்றினுள் ஒரு தவளை ஒட்டிக்கொண்டிருந்தது. படம் இணைத்துள்ளேன். நம் ஜவ்வாது மலையிலும் அது இருக்கிறது என்று சொல்லலாமா?

கே., குடியாத்தம்

அன்புள்ள கே.,

சொல்ல வேண்டாம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பழுப்பு முதுகு, விரல் நுனிகளில் வட்டத் தட்டுகள், மடக்கிய தொடையின் பின்புறம் மஞ்சள் பொட்டுகள். நம் வீட்டுக் குளியலறைச் சுவரில் ஒட்டியிருக்குமே, அதே மரத்தவளைதான். காட்பாடியில் எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரில், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, அது ஒருமுறை வெள்ளை நுரை கட்டியிருந்தது. சோப்பு நுரை என்று நினைத்து அம்மா துடைப்பத்தால் தள்ளிவிட்டார். உள்ளே இருந்தவை முட்டைகள். பொரியும் தலைப்பிரட்டைகள் நேராகத் தண்ணீரில் விழவேண்டும் என்றுதான் அது தொட்டியைத் தேடி வந்திருக்கிறது.

நான் எழுதியது வேறு தவளை. உடல் 25 மி.மீ. அளவுதான், பத்து ரூபாய் நாணயத்துக்குள் அடங்கிவிடும் (நம் ஊர்க் கடைகளில் வாங்க மறுத்தார்களே, அதே நாணயம்). பச்சை உடல், தொடையில் சாம்பல் நீலம், கறுத்த கண்ணில் பொன் திட்டுகள். 1876இல் குந்தர் என்ற விலங்கியலாளர் இதற்குப் பெயரிட்டார். பிறகு நூறாண்டுக்கும் மேல் யார் கண்ணிலும் படவில்லை. மறுபடி கண்டுபிடித்த செய்தி 2011இல் வந்தது. களக்காடு முண்டந்துறைக் காட்டில் இது எப்படி வாழ்கிறது என்பதைச் சேஷாத்ரி, குருராஜா, பிக்ஃபோர்டு என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2015இல் எழுதினார்கள்.

அதன் வீட்டைக் கவனியுங்கள். வெட்டிய கட்டை அதற்கு உதவாது. நிற்கிற மூங்கிலாக இருக்க வேண்டும். இரண்டு கணுக்களுக்கு நடுவிலுள்ள பகுதியின் அடிப்பக்கத்தில் சில மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு கீறல் இருக்க வேண்டும். அந்தக் கீறலையும் தவளை போடுவதில்லை, வேறு ஏதோ பிராணி போட்டுவிட்டுப் போனது. அதன் வழியே உடலை நெருக்கிக்கொண்டு நுழைகிறது. உட்சுவரில் ஐந்து முதல் எட்டு முட்டைகள். குஞ்சு முட்டைக்குள்ளேயே முழுத் தவளையாகி வெளிவருகிறது.

கல்லுக்குள் தேரைக்குக் கடவுள் படியளக்கிறார் என்பார்கள். இங்கே முட்டைக்குக் காவல் இருப்பது அப்பன். எதிரி யார் என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் முட்டையைத் தின்ன வரும் அதே இனத்தின் இன்னொரு ஆண். ஆய்வுக்காகக் காவல் ஆண்களை அப்புறப்படுத்தியபோது முட்டைகளில் பெரும்பகுதி பறிபோயிற்று. இவ்வளவு ஒளிந்து வாழ்கிற பிராணி, உள்ளே இருந்தபடியே கூப்பிட்டு ஆய்வாளருக்கு இடத்தைக் காட்டிக்கொடுக்கவும் செய்கிறது. நுணலும் தன் வாயால் கெடும்.

ஜவ்வாது மலையில் மூங்கிலுக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் தண்ணீரில் இடாத முட்டைக்குக் காற்றின் ஈரம்தான் குளம். களக்காட்டு மலைகளுக்கு இரண்டு பருவமழையும் உண்டு. சித்திரையில் அமிர்திப் பக்கம் போயிருக்கிறீர்களா? காலடியில் சருகு அப்பளமாக நொறுங்கும்.

உங்கள் படத்தில் இருப்பது அபூர்வமில்லை என்று வருந்த வேண்டாம். நல்ல மழைக்குப் பிறகு மறுபடி போங்கள். அந்தக் கட்டையைப் பிளக்காமல், பக்கத்தில் குட்டை ஏதும் இருக்கிறதா, அதன்மேல் சாய்ந்த கிளையிலோ பாறையிலோ நுரை தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் படம் அனுப்புங்கள். அம்மாவிடம் காட்ட வேண்டும்.