முழங்கையை மடக்கினால் கை ஏன் சூம்புகிறது?

சிறுவர் கதை நூலுக்குப் படம் வரையும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். பாவாடை சட்டை அணிந்து, இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமியை அவர் இங்க்ஸ்கேப் என்ற படம் வரையும் மென்பொருளில் வரைந்திருக்கிறார். இருபத்து நான்கு பக்கங்களிலும் அவள் வெவ்வேறு நிலைகளில் வர வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் புதிதாக வரைந்தால் முகமும் உடலளவும் மாறிவிடுகின்றன என்பதால், அந்தப் படத்தை எலும்பு வசதியுள்ள (உறுப்புக்குள் எலும்புபோல் ஒன்றைப் பொருத்தி, அதைத் திருப்பினால் உறுப்பும் திரும்பும்) ஒரு அனிமேஷன் மென்பொருளுக்குள் கொண்டுபோய்க் கைகால்களில் எலும்பு பொருத்திப் பார்த்திருக்கிறார். கையைச் சற்றே அசைக்கும்வரை எல்லாம் சரியாக இருந்ததாம். குடத்தை இடுப்பில் தாங்குவதற்காக முழங்கையை நன்றாக மடக்கியபோது, மூட்டு மெலிந்து, தண்ணீர்க் குழாயை மடித்ததுபோல ஆகிவிட்டதாம். எலும்பை எங்கே தவறாக வைத்தேன் என்பது அவருடைய கேள்வி.

எலும்பைச் சரியான இடத்தில்தான் வைத்திருக்கிறீர்கள். கோளாறு கணக்கில் இருக்கிறது. மேற்கை எலும்பும் முன்கை எலும்பும் சந்திக்கும் இடத்திலுள்ள நோடுகளை, அதாவது கோட்டின் வடிவத்தைத் தீர்மானிக்கும் புள்ளிகளை, மென்பொருள் இரண்டு எலும்புகளுக்கும் பொதுவாகப் பங்கிட்டுக் கொடுக்கிறது. முழங்கையின் வெளிமுனையில், மூட்டின் மையத்திலிருந்து 6 மி.மீ. தள்ளி ஒரு நோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முன்கையை 90 பாகை மடக்கும்போது மேற்கை எலும்பு அந்த நோடை இருந்த இடத்திலேயே இருக்கச் சொல்கிறது. முன்கை எலும்போ தன்னோடு கால் வட்டம் சுற்றி வரச் சொல்கிறது. இருவருக்கும் சரிபாதி உரிமை என்றால், மென்பொருள் அந்த இரண்டு இடங்களுக்கும் நேர் நடுவே நோடை வைக்கும். வட்டத்தின் மீதுள்ள இரண்டு புள்ளிகளை இணைக்கும் நாணின் நடுப்புள்ளி எப்போதும் வட்டத்துக்கு உள்ளேதான் விழும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆகவே 6 மி.மீ. தொலைவில் இருந்த நோடு 4.2 மி.மீ. தொலைவுக்கு வந்துவிடுகிறது. 120 பாகை மடக்கினால் அது 3 மி.மீ., அதாவது சரிபாதி. நீங்கள் பார்த்த சூம்பல் இதுதான். எலும்பின் இடத்தை எத்தனை முறை மாற்றிப் பார்த்தாலும் இது போகாது.

எலும்பு மென்பொருளிலேயே தொடர விரும்பினால், முழங்கையின் வெளிப்புறத்தில் ஒரே ஒரு நோடை நம்பியிருக்க வேண்டாம். நடுவில் ஒன்றும் அதன் இருபுறமும் ஒவ்வொன்றுமாக மூன்று நோடுகள் வைத்து, பக்கத்து நோடுகளில் ஒன்றை மேற்கை எலும்போடும் மற்றதை முன்கை எலும்போடும் முழுமையாகக் கட்டிவிடுங்கள்; பங்கீடு நடு நோடுக்கு மட்டும் இருக்கட்டும். உட்புறத்தில் ஒரு நோடு போதும், ஏனெனில் அங்கே நோடுகள் கூடினால் மடிப்பில் கோடு கோட்டைக் கடந்து முறுக்கிக்கொள்ளும். மோஹோ என்ற அனிமேஷன் மென்பொருளில் ஸ்மார்ட் போன் (Smart Bone, எலும்பைக் குறிக்கும் 'போன்') என்ற வசதி இந்தக் குறைக்காகவே பெரிதும் பயன்படுகிறது. இன்ன பாகையில் முழங்கையின் வடிவம் இப்படி இருக்க வேண்டும் என்று நீங்களே ஒருமுறை திருத்திக் காட்டிவிட்டால், எலும்பு அந்தப் பாகைக்கு வரும்போதெல்லாம் திருத்தமும் தானாகவே கூட வரும். விலையில்லாமல் கிடைக்கும் சின்ஃபிக் ஸ்டூடியோவில் ஒவ்வொரு நோடையும் தேர்ந்தெடுத்து, எந்த எலும்போடு சேர வேண்டுமோ அதனோடு நீங்களே இணைக்கலாம். இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளிலுள்ள பப்பெட் வார்ப் எலும்பு அன்று. ஊசி குத்தி இழுப்பது. துணி, இலை, வால் போன்றவற்றுக்கு அது நன்றாக உதவும். முழங்கைக்கும் முழங்காலுக்கும் நான் அதைப் பயன்படுத்துவதில்லை.

ஆனால் உங்களுக்குத் தேவைப்படுவது அசையும் படம் அன்று; அச்சில் அசையாமல் நிற்கும் இருபத்து நான்கு நிலைகள். அதற்கு வளைக்கும் மூட்டைவிட வெட்டிச் சேர்க்கும் மூட்டே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. தோல்பாவையில் தனித்தனியாக வெட்டிய உறுப்புகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஏறும்படி வைத்து, துளையிட்டு நூலால் முடிந்திருப்பார்கள். அங்கே தோல் வளைவதில்லை. முடிச்சைச் சுற்றி உறுப்பு சுழல்கிறது, அதனால் எந்தக் கோணத்திலும் கை மெலிவதில்லை. இதை நீங்கள் இங்க்ஸ்கேப்பை விட்டு வெளியே போகாமலே செய்துவிடலாம்.

மேற்கை, முன்கை, உள்ளங்கை மூன்றையும் தனித்தனிப் பாத்களாக (கோட்டு வடிவங்களாக) வரையுங்கள். முழங்கையில் கையின் அகலம் 12 மி.மீ. என்றால், மேற்கையின் கீழ்முனையும் முன்கையின் மேல்முனையும் 12 மி.மீ. விட்டமுள்ள அரைவட்டங்களாக முடிய வேண்டும். இரண்டு அரைவட்டங்களுக்கும் மையம் ஒரே புள்ளியாக இருக்க வேண்டும். மையம் அரை மில்லிமீட்டர் தவறினாலும் மடக்கும்போது ஓரத்தில் ஒரு முண்டு தெரியும். பிறகு உள்ளங்கையை முன்கையோடு குரூப் செய்து (ஒரே தொகுதியாகக் கட்டி), அந்த குரூப்பை மேற்கையோடு சேர்த்து இன்னொரு குரூப்பாக்குங்கள். மேற்கையைச் சுழற்றினால் கை முழுவதும் வரும். முன்கையைச் சுழற்றினால் உள்ளங்கை மட்டும் கூட வரும். எலும்புகளின் வரிசை செய்யும் வேலையும் இதுவேதான்.

அடுத்தது சுழல்மையம். ஒரு பொருளை இரண்டாம் முறை சொடுக்கும்போது தோன்றும் சிறு கூட்டல் குறியை மூட்டுக்கு இழுத்து வைப்பது வழக்கம். அது கண்மதிப்பில் வைப்பது, கை சற்று நழுவினாலும் மூட்டு இடம் மாறிவிடும் என்பதால் நான் வேறு வழியைக் கையாள்கிறேன். முழங்கை மையத்தை நடுப்புள்ளியாகக் கொண்டு, நிரப்பு நிறமும் கோடும் இல்லாத ஒரு பெரிய வட்டத்தை வரைந்து முன்கை குரூப்புக்குள் வைத்துவிடுங்கள். உறுப்பு முழுவதும் அந்த வட்டத்துக்குள் அடங்கிவிட்டால், குரூப்பின் எல்லைப் பெட்டிக்கு (அதைச் சுற்றி அமையும் செவ்வகத்துக்கு) நடுவே எப்போதும் முழங்கைதான் இருக்கும். மென்பொருள் தன் இயல்பிலேயே அந்தப் புள்ளியைச் சுற்றித்தான் சுழற்றும். முழங்கையிலிருந்து விரல்நுனிவரை 45 மி.மீ. என்றால் வட்டத்தின் ஆரம் 50 மி.மீ. இருக்கட்டும். தோளுக்கான வட்டம் முழங்கை வட்டத்தையும் தனக்குள் அடக்க வேண்டும். மேற்கை 40 மி.மீ. என்றால் 40-உம் 50-உம் சேர்ந்து 90 ஆகிறது, எனவே ஆரத்தை 95 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கூட்டலை மறந்து சிறிய வட்டம் போட்டால், முன்கையை மடக்கிய பிறகு தோள் இடம் பெயரும். ஏன் பெயர்ந்தது என்று தெரியாமல் வெகுநேரம் தேட நேரும். குரூப்புகளுக்கு வலது மேற்கை, வலது முன்கை என்று பெயரிட்டு, படத்தில் சொடுக்காமல் ஆப்ஜெக்ட்ஸ் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பது நல்லது. கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி சுழற்றினால் 15 பாகைப் படிகளாகத் திரும்பும். முதல் வரைவுக்கு அது போதும்.

நீங்கள் அனுப்பிய படத்தில் உறுப்புகளுக்குக் கருங்கோடு இருக்கிறது. அப்படியிருந்தால் முன்கையின் அரைவட்டக் கோடு மேற்கையின் நடுவே பிறைபோலத் தெரியும். பலர் இந்த இடத்தில்தான் சலித்துப்போய் முறையையே கைவிடுகிறார்கள். மேற்கையை அடியிலும் முன்கையை அதன் மேலும் வைத்து, மேற்கையின் கீழ்ப்பகுதியை மட்டும், கையின் அகலம் எவ்வளவோ அந்த அளவுக்கு, கோடு இல்லாமல் நிரப்பு நிறத்தோடு நகலெடுத்து முன்கைக்கும் மேலே வையுங்கள். அந்த நகலைக் கோட்டின் தடிமனில் பாதியளவு எல்லாப் பக்கமும் உள்நோக்கிச் சுருக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது வெளிக்கோட்டையும் விழுங்கும். இப்போது உள்ளே இருந்த பிறை மறைந்து, முழங்கையின் வெளிவளைவில் கோடு முழுதாக நிற்கும். மூட்டை ஒட்டிய பகுதியில் நிறமாற்றச் சாயல் வேண்டாம், சீரான நிறமே போதும்.

நிலையை அமைக்கும்போது கையிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் இடுப்பு, பிறகு முதுகு, கால்கள், தோள், கை, கடைசியில் தலை. குடத்தை இடது இடுப்பில் வைத்தால் இடுப்பு இடப்பக்கம் தள்ளும், மேலுடல் வலப்பக்கம் சாயும், உடலின் எடை பாதங்களுக்கு நேர்மேலே வந்து நிற்கும். கையை மட்டும் குடத்தில் சேர்த்துவிட்டால் அவள் காலிக் குடத்தைத் தொட்டுக்கொண்டு நிற்பதாகத்தான் தெரியும். முழங்கையைச் சுமார் 145 பாகைக்கு மேல் மடக்க வேண்டாம். பின்பக்கமாகத் திருப்பவே கூடாது.

பாவாடைக்குள் கால் எலும்பைச் செலுத்திப் பாவாடையை வளைக்க முயல்வது வீண் உழைப்பு. நிற்பதற்கு ஒன்று, நடப்பதற்கு ஒன்று, உட்காருவதற்கு ஒன்று எனத் தனித்தனியாக வரைந்து, இடுப்பு மையத்தில் பொருத்தி மாற்றிக்கொள்ளுங்கள். உள்ளங்கையும் அப்படித்தான்: விரித்தது, மூடியது, பிடிப்பது, சுட்டுவது, பக்கவாட்டில் தொங்குவது என ஐந்து இருந்தால் பெரும்பாலான பக்கங்களைச் சமாளித்துவிடலாம். தாளின் தளத்தில் மட்டுமே சுழலும் இந்த உறுப்புகளால் நம்மை நோக்கி நீளும் கையைக் காட்ட முடியாது. அந்த ஓரிரு பக்கங்களைக் கையால் வரைவதே சரி.

இந்தச் சிறுமியின் உடலில் உண்மையாகவே வளைய வேண்டியவை அந்த இரண்டு பின்னல்கள்தாம். பின்னலை நேராக, கிடைமட்டமாக வரைந்து குரூப் செய்து, இங்க்ஸ்கேப்பின் பாத் எஃபெக்ட்களில் பெண்ட் (வளைத்தல்) என்பதைப் பொருத்தினால், உள்ளே ஓடும் ஒரே ஒரு வளைகோட்டை இழுத்துப் பின்னல் முழுவதையும் தோளில் புரளவோ ஓடும்போது பின்னால் பறக்கவோ விடலாம். ரிப்பன் முடிச்சை மட்டும் அதில் சேர்க்காமல் தனியாக வையுங்கள், அது வளைந்தால் நசுங்கியதுபோல் தெரியும்.

மூலக் கோப்பில் அவள் கைகளைச் சற்றே விரித்து நேராக நிற்கட்டும். அதில் எந்த நிலையையும் அமைக்காமல், பக்கத்துக்கு ஒரு நகல் எடுத்து அந்த நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். அச்சகத்துக்கு அனுப்பும் முன் நகலிலுள்ள கண்ணுக்குத் தெரியாத வட்டங்களை நீக்கிவிடுங்கள். அவை இருந்தால் படத்தைப் பக்கத்தில் வைக்கும்போது அதன் எல்லை உண்மையைவிடப் பெரிதாகக் கணக்கிடப்படும்.