பதினொன்றாம் வகுப்புக்காகப் பள்ளியை மாற்றாதீர்கள்

ஐயா, வணக்கம்.

சென்ற வாரம் குடியாத்தத்திலிருந்து மகளை அழைத்துக்கொண்டு, மேற்படிப்பு பற்றி ஆலோசனை கேட்க என்னிடம் வந்திருந்தீர்கள். வீட்டு நகையை அடகு வைத்து, வெளியூரில் விடுதியோடு கூடிய ஒரு தனியார் பள்ளியில் அவளைப் பதினொன்றாம் வகுப்பு சேர்க்கப்போவதாகச் சொன்னீர்கள். அன்று கூட்டம் அதிகம். அவசரமாகப் பேசி அனுப்பிவிட்டேன். பிறகு மனம் கேட்கவில்லை. தயவுசெய்து நகையை அடகுக் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

உங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படிக்கிறாள். அந்தத் தகுதி எவ்வளவு பெரியது என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-ல் வந்தது. 2021-ல் அது பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் நீண்டது. அந்த இடங்களுக்கு அரசுப் பள்ளிப் பிள்ளைகள் தங்களுக்குள் மட்டுமே போட்டியிடுகிறார்கள். அப்படிச் சேர்கிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும்.

கடைசி இரண்டு ஆண்டுகளைத் தனியார் பள்ளியில் படித்தால் இவை அத்தனையும் போய்விடும். ஐந்து ஆண்டு அரசுப் பள்ளியில் படித்தாளே என்று யாரும் பார்க்க மாட்டார்கள். பேரணாம்பட்டிலிருந்து ஒரு தாய் இப்படித்தான் கடன் வாங்கி மகனை மாற்றினார். பிளஸ் டூ முடிவு வந்த பிறகு கலந்தாய்வு விண்ணப்பத்தோடு என் முன்னால் உட்கார்ந்தபோதுதான் விஷயம் தெரிந்து அழுதார். அப்போது என்னால் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

நீட் பயிற்சி அங்கே தருகிறார்கள் என்றீர்கள். மருத்துவத்துக்கு நீட் வேண்டும்தான், 7.5 சதவீதத்தில் போனாலும் வேண்டும். ஆனால் பொறியியலுக்கு இங்கே நுழைவுத் தேர்வே கிடையாது. பிளஸ் டூ கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200-க்குக் கட்-ஆஃப், அவ்வளவுதான். கணிதத்தில் ஒரு மதிப்பெண் கூடினால் கட்-ஆஃபும் ஒன்று கூடும். மற்ற இரண்டிலும் அரைதான் கூடும். விடுதிக்குக் கொடுக்க நினைத்த பணத்தில் சிறு பங்கு போதும், ஊரிலேயே நல்ல கணித ஆசிரியரிடம் மாலையில் அனுப்பலாம். பாகாயத்தில் தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது, அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பட்டப் படிப்பு என்றால் உங்கள் ஊரிலேயே அரசு திருமகள் ஆலைக் கல்லூரி.

இனி எந்தப் பிரிவு என்ற கேள்வி. கணிதம்-உயிரியல் எடுத்தால் மருத்துவம், பொறியியல் இரண்டுக்கும் போகலாம், பாடச்சுமை அதிகம். கணிதம் இல்லாத அறிவியல் பிரிவில் பொறியியல் கலந்தாய்வுக்கு வழியில்லை. வணிகவியல் எடுத்தால் இரண்டுமே இல்லை, ஆனால் பி.காம்., சி.ஏ. என்று உறுதியான பாதை உண்டு. அதைக் குறைவாக நினைக்கும் பழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

ஒன்று சொன்னால் வருத்தப்படாதீர்கள். என்ன படிக்க ஆசை என்று நான் அவளைக் கேட்டபோது, அவள் முதலில் உங்கள் முகத்தைப் பார்த்தாள். பிறகுதான் "டாக்டர்" என்றாள். நீங்கள் தண்ணீர் குடிக்க வெளியே போன இரண்டு நிமிடத்தில், அம்மாவின் மகளிர் குழுக் கணக்கை இரண்டு வருடமாகத் தானே எழுதுவதாகச் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் குரலே மாறியிருந்தது. வணிகவியல்தான் என்று இதை வைத்து நான் முடிவு கட்டவில்லை. அவளுக்கு டாக்டர் வேலையையும் கணக்கு வேலையையும் அருகிலிருந்து பார்க்க வாய்ப்பே கிடைக்கவில்லை என்கிறேன். வேலூர் சி.எம்.சி.க்கு நாம் நோயாளியோடுதான் போகிறோம். டாக்டரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். செவிலியர், ஆய்வகம், எக்ஸ்ரே, பிசியோதெரபி, பதிவேடு, கணக்குப் பிரிவு என்று எத்தனை பேர் அங்கே உழைக்கிறார்கள்! உங்கள் தெருவிலேயே ஒரு செவிலியரோ, கைலி வியாபாரியின் கணக்கரோ இருப்பார். அவர்களோடு அவளை அரை மணி நேரம் பேசவிடுங்கள்.

சான்றிதழ்களை இப்போதே இ-சேவை மையத்தில் எடுத்துவிடுங்கள்: சாதி, வருமானம், முதல் பட்டதாரி. உங்கள் வீட்டில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்றீர்கள். 7.5 சதவீதத்தில் இடம் கிடைக்காமல் பொதுக் கலந்தாய்வில் பொறியியல் போனால், அந்தச் சான்று கட்டணத்தைக் குறைக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அவள் பெயரில் வங்கிக் கணக்கு இல்லையென்றால் தொடங்குங்கள்.

வரும் சனிக்கிழமை தறி வேலை முடிந்து மாலையில் வாருங்கள். அவள் அம்மாவையும் அழைத்து வாருங்கள். அந்தக் கணக்கு நோட்டையும் எடுத்துவரச் சொல்லுங்கள். நான் பார்க்க வேண்டும்.