அமெரிக்கன் ஃபுட்பாலில் ஓட்டம் மிரட்டலாக இருந்தால் பாஸிங் ஏன் எளிதாகிறது?

"பால்டிமோர் ரேவன்ஸ் ஓடி ஓடியே ஜெயிக்கிற அணி என்கிறார்கள். அப்படியிருக்க, அவர்களுடைய பாஸிங்கும், அதாவது பந்தை முன்னால் எறிந்து முன்னேறுவதும், நன்றாக இருக்கிறதே, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் என்ன சம்பந்தம்?" என்பது கேள்வி. மெஸ்ஸி ஆடும் கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற, என்எஃப்எல் என்ற அமெரிக்க லீக்கின் சமாச்சாரம்.

2019 ஆகஸ்டில் வேலைக்காக மேரிலாந்து வந்தபோது எனக்கு இந்த விளையாட்டில் ஒரு மண்ணும் தெரியாது. என்னுடன் வீட்டைப் பகிர்ந்துகொண்ட திருநெல்வேலிக்கார அண்ணன் ஒருவர் ரேவன்ஸ் வெறியர். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்கு மேட்ச் என்றால் பன்னிரண்டுக்கே குழம்பை இறக்கி வைத்துவிட்டு ரிமோட்டோடு உட்கார்ந்துவிடுவார்.

"ஏண்ணே, பந்து அவன் கையிலேயே இருக்கு. எல்லாரும் போயி வேற ஒருத்தனைப் புடிக்கிறாங்களே?" என்று முதல் வாரமே கேட்டேன்.

"பந்தைப் பாக்காத தம்பி. நடுவுல நிக்கிறான் பாரு லைன்பேக்கர், அவன் காலைப் பாரு" என்று சொல்லி, ஆட்டத்தைப் பின்னால் ஓட்டி நிறுத்தினார்.

அன்று டிவியில் பார்த்ததைத்தான் இன்றுவரை மற்றவர்களுக்கும் காட்டிக்கொண்டிருக்கிறேன். பாஸ் எறிகிற ஆளான குவாட்டர்பேக் லமார் ஜாக்சன் பந்தை வாங்கி, பந்தோடு ஓடுகிற ஆளான ரன்னிங் பேக் பக்கத்தில் வர, அவர் வயிற்றுக்கு நேராக நீட்டுகிறார். முன்வரிசை ஆட்கள் ஓட்டத்துக்குத் தள்ளுவது போலவே தள்ளுகிறார்கள். எதிரணியில் தடுப்பு முன்வரிசைக்குப் பின்னால் நிற்கிற லைன்பேக்கரின் வலது கால் ஒரு எட்டு முன்னால் வருகிறது, அடுத்து இடது கால். அவ்வளவுதான், மொத்தமே இரண்டு எட்டு. அந்த நேரத்தில் எதிராளியை மறிக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்கிற டைட் எண்ட் மார்க் ஆண்ட்ரூஸ் லைன்பேக்கரின் தோளை உரசாத குறையாக முதுகுப் பக்கம் போய்விட்டார். ஜாக்சன் நீட்டிய பந்தைத் திரும்ப இழுத்து, லைன்பேக்கர் ஒரு நொடி முன்பு காலி செய்த இடத்துக்கு எறிகிறார். லைன்பேக்கர் திரும்பி ஓடும்போது பந்து தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறது.

இதற்குப் பெயர் ப்ளே ஆக்‌ஷன். ஓட்டம் பாஸுக்கு உதவுகிறது என்று சொல்வதில் பாதிக்கு மேல் இந்த இரண்டு எட்டுதான்.

மீதி, கணக்கு. இரு பக்கமும் 11 பேர். சாதாரண ஓட்டத்தில் குவாட்டர்பேக் பந்தைக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார். ஆக, தாக்கும் அணியில் வேலை செய்வது 10 பேர், தடுப்பது 11 பேர். குவாட்டர்பேக்கே ஓடக்கூடியவர் என்றால் இந்தக் கணக்கு மாறிவிடும். ஓரத்தில் நிற்கும் தடுப்பாட்டக்காரரை யாரும் தடுக்காமல் வேண்டுமென்றே விட்டுவிடுவார்கள். அவர் ரன்னிங் பேக்கைப் பிடிக்க உள்ளே வந்தால் குவாட்டர்பேக் பந்தைத் தானே வைத்துக்கொண்டு வெளியே ஓடுவார். வெளியே நின்றால் பந்து ரன்னிங் பேக்கிடம் போகும். எதைச் செய்தாலும் தப்பு. இதைச் சரிக்கட்ட எதிரணி பின்வரிசையில் கடைசிக் காவலாக நிற்கும் ஒரு சேஃப்டியை முன்னால் இழுத்தாக வேண்டும். முன்னால் எட்டுப் பேர் வந்தால் பின்னால் மூன்று பேர்தான் மிச்சம். ஓரத்தில் நிற்கும் கார்னர்பேக், பாஸ் பிடிக்க ஓடும் வேகமான ஒரு ரிசீவரைத் தனியாளாகச் சமாளிக்க வேண்டும்.

இன்னொன்று, வெளியே அவ்வளவாகத் தெரியாதது. ஆளுக்கு ஆள் காவல் காக்கும்போது தடுப்பவர்கள் தங்கள் ரிசீவரைத் துரத்திக்கொண்டு ஓடுவார்கள், குவாட்டர்பேக்குக்கு முதுகைக் காட்டிவிடுவார்கள். ஜாக்சனுக்கு முதுகு காட்டினால் 20 யார்டு போய்விட்டுத்தான் நிற்பார். அதனால் பல அணிகள் அவருக்கு எதிராக முகத்தை அவர் பக்கமே வைத்துக்கொண்டு, இடத்தைப் பிரித்துக் காக்கும் ஜோன் முறைக்குப் போகின்றன. ஜோன் என்றால் இரண்டு பேர் எல்லைக்கு நடுவில் சந்து இருக்கும். எங்கே இருக்கும் என்பதும் பெரும்பாலும் முன்கூட்டியே தெரியும். குவாட்டர்பேக்கை வீழ்த்தப் பாய்கிறவர்களும் கண்ணை மூடிக்கொண்டு பாய முடியாது, ஓரமாக நழுவிவிடுவாரோ என்று பாதி பிரேக்கில் கால் வைத்துக்கொண்டே வருவார்கள். எறிவதற்கு அரை நொடி கூடுதலாகக் கிடைக்கும். இந்த ஆட்டத்தில் அரை நொடி என்பது சொத்து.

ஆனால் இந்த ஊர் வர்ணனையாளர்கள் பலர் சொல்கிற ஒன்றை நான் ஒப்புக்கொள்வதில்லை. "முதலில் ஓடி ஓடி எதிரணியை நம்ப வை, அப்புறம்தான் ப்ளே ஆக்‌ஷன் பலிக்கும்" என்பார்கள். புள்ளிவிவரக்காரர்கள் இதைத் துருவிப் பார்த்துவிட்டார்கள். ஓட்டத்தில் சுமாரான அணிகளுக்கும் ப்ளே ஆக்‌ஷன் நன்றாகவே வேலை செய்கிறது. அன்றைக்கு எத்தனை முறை ஓடினார்கள் என்பதற்கும் அதற்கும் பெரிய தொடர்பு இல்லை. யோசித்தால் இதில் ஆச்சரியமும் இல்லை. லைன்பேக்கருக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து, ஓட்டம் தெரிந்தால் உன் இடைவெளியை அடைத்துவிடு என்றுதான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவர் கணக்குப் பார்த்துக் கால் வைப்பதில்லை, கால் தானாகப் போகிறது. பும்ரா மெதுவான பந்து போட, முந்தைய நாலு பந்தையும் யார்க்கராகப் போட்டிருக்க வேண்டியதில்லை. யார்க்கர் வரலாம் என்பதே பேட்ஸ்மேனுக்குப் போதும்.

2019 சீசனின் முதல் மேட்சே இதற்குச் சாட்சி. அதற்கு முன், அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுக்கும் 2018 டிராஃப்டில் ஜாக்சனை முதல் சுற்றின் கடைசி ஆளாக, 32ஆவதாகத்தான் எடுத்தார்கள். இவர் குவாட்டர்பேக்குக்கு ஆக மாட்டார், ரிசீவராகப் போகட்டும் என்று சொன்ன பெரிய மனிதர்களும் உண்டு. மயாமியில் நடந்த அந்த மேட்சில் அவர் 20 பாஸ் எறிந்து 17ஐச் சேர்த்தார். 324 யார்டு, 5 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோவது). ஸ்கோர் 59-10. அவர் ஓடியது எத்தனை முறை தெரியுமா? மூன்றே முறை, மொத்தம் 6 யார்டு! மேட்ச் முடிந்ததும், "ஒரு ரன்னிங் பேக்குக்கு இது மோசமில்லை" என்று நக்கலாகச் சொன்னார். எங்கள் அண்ணன் சோபாவில் ஏறி நின்று கைதட்டினார்.

அந்த சீசனில் ரேவன்ஸ் 14 வெற்றி, 2 தோல்வி. ஒரு அணியாக 3,296 யார்டு ஓடி, 1978இல் நியூ இங்கிலாந்து வைத்த 3,165 யார்டு சாதனையை உடைத்தார்கள். ஜாக்சன் மட்டும் 1,206. கூடவே 36 டச்டவுன் பாஸ், லீக்கிலேயே அதுதான் அதிகம். இன்டர்செப்ஷன், அதாவது எதிரணி பிடித்துவிட்ட பாஸ், ஆறுதான். சீசனின் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருதில் ஒரு ஓட்டுகூட வேறு யாருக்கும் விழவில்லை. இதில் தாக்குதல் பயிற்சியாளர் கிரெக் ரோமனின் கைவண்ணமும் இருந்தது. ஆண்ட்ரூஸ், பாயில், ஹர்ஸ்ட் என்று மூன்று டைட் எண்ட்களை அடிக்கடி இறக்குவார். மூன்று தடிமாடுகள் வந்து நின்றால் ஓட்டம்தான் என்று நினைத்து எதிரணியும் கனமான ஆட்களை இறக்கும். பிறகு அந்த டைட் எண்ட்களுக்கே பாஸ் போகும். ஆண்ட்ரூஸ் அந்த வருடம் 10 டச்டவுன் பிடித்தார்.

சரி, இவ்வளவு நன்றாக இருந்தால் எப்படித் தோற்றார்கள்? 2020 ஜனவரி 11, பிளேஆஃப், எதிரே டென்னசி டைட்டன்ஸ். ரேவன்ஸ் 14-0 என்று பின்தங்கினார்கள். அப்புறம் 28-6. இவ்வளவு பின்னால் இருக்கிறவன் ஓடமாட்டான், நேரம் போய்விடும் என்று மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும். அதன் பிறகு பந்தை ரன்னிங் பேக்கிடம் நீட்டிப் பாசாங்கு செய்தால் லைன்பேக்கர் ஏன் முன்னால் வரப்போகிறார்? ஜாக்சன் அன்று 59 பாஸ் எறிய வேண்டியதாயிற்று, மயாமியில் எறிந்ததைப் போல மூன்று மடங்கு. 143 யார்டு ஓடவும் செய்தார். முடிவு 28-12. மிரட்டல் என்பது கடிகாரத்தையும் ஸ்கோரையும் பொறுத்தது. நாலு வாய்ப்பில் 10 யார்டு முன்னேற வேண்டும், ஒவ்வொரு வாய்ப்பும் ஒரு டவுன்; 12 யார்டு தேவைப்படும் மூன்றாவது டவுனில் எவ்வளவு நல்ல ஓட்டக்கார அணியாக இருந்தாலும் அது செல்லாத நோட்டு.

கொடுமை என்னவென்றால், அன்று அந்த வித்தையை எங்களுக்கே காட்டியவர்கள் டைட்டன்ஸ். அவர்களுடைய ரன்னிங் பேக் டெரிக் ஹென்றி, ஏறக்குறைய 110 கிலோ மனிதர், அன்று 195 யார்டு ஓடினார். மூன்றாவது குவார்ட்டரில் 66 யார்டு ஓடிப் பந்தை எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். பிறகு மூன்று யார்டு பாக்கி இருக்கும்போது பந்து நேராக ஹென்றி கைக்கே வந்தது. இரண்டு எட்டு ஓடினார், ரேவன்ஸ் ஆட்கள் மொத்தமாக அவரை மறிக்க ஓடினார்கள், அவர் மெல்ல எம்பிக் குதித்து, காகிதப் பந்தைக் குப்பைக் கூடையில் போடுவது போல டச்டவுன் பகுதியில் நின்ற கோரி டேவிஸிடம் போட்டார். டேவிஸ் பக்கத்தில் ஈ காக்காய் இல்லை. அன்று டைட்டன்ஸின் குவாட்டர்பேக் எறிந்ததே மொத்தம் 14 பாஸ், 88 யார்டு. அண்ணன் ரிமோட்டை வைத்துவிட்டுக் குழம்பைச் சூடு பண்ணப் போய்விட்டார். அந்த ஒரு ஆட்டத்தை மட்டும் அவர் பின்னால் ஓட்டிக் காட்டவே இல்லை.

2024இல் அதே ஹென்றியை ரேவன்ஸ் கூட்டிக்கொண்டு வந்தது. அதற்குள் அண்ணன் டெக்சாஸ் போய்விட்டார். செய்தி வந்த அன்று வாட்சப்பில் ஒரே வரி: "இப்ப எவனைப் புடிப்பாங்க தம்பி?" அந்த சீசனில் ஹென்றி ஓடியது 1,921 யார்டு. ஜாக்சன் எறிந்தது 4,172 யார்டு, 41 டச்டவுன், நாலே நாலு இன்டர்செப்ஷன். ஒரே சீசனில் 4,000 யார்டு பாஸும் 3,000 யார்டு ஓட்டமும் எடுத்த அணி என்எஃப்எல்லில் அதற்கு முன் கிடையாது.