‘வீல்செயார் வசதி இருக்கு’ என்றால் அடுத்த கேள்வி என்ன?

கிளிநொச்சியில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய அண்ணாவுக்கு 43 வயது. முள்ளந்தண்டில் பட்ட காயத்தால் இடுப்புக்குக் கீழே இயக்கமும் உணர்வும் இல்லை, 2009 இலிருந்து சக்கர நாற்காலிதான். ஆகஸ்டில் குடும்பமாகக் கிழக்கிலங்கைக் கரைக்கு வந்து, பாசிக்குடாவில் இரண்டு இரவு, முடிந்தால் அறுகம்பேயில் ஓர் இரவு தங்க யோசிக்கிறார்கள். போன வருடம் வேறோர் ஊரில் ‘வீல்செயார் வசதி இருக்கு’ என்று சொன்ன விடுதியை நம்பிப் போயிருக்கிறார்கள். அங்கே நாற்காலி பாத்ரூம் கதவுக்குள் நுழையவில்லை. அண்ணா இரண்டு நாளும் குளிக்கவில்லை, கழிப்பறைக்குப் போக வேண்டிவரும் என்று பயந்து சரியாகச் சாப்பிடவும் இல்லை. “இந்த முறை போகமுன்னம் எப்படி உறுதிப்படுத்துவது? என்ன கேட்கவேணும்?” என்பது அவருடைய கேள்வி.

தங்கச்சி, அந்த மனேஜர் பொய் சொல்லியிருக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். நான் மட்டக்களப்பில் தொழில்வழிச் சிகிச்சையாளராக வேலை செய்கிறேன். ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்புகிறவர்களின் வாசலையும் பாத்ரூமையும் அளப்பது என் வேலையில் பாதி, அதனால் விடுதிக்காரர்களோடும் அடிக்கடி பேசவேண்டி வரும். ‘வசதி இருக்கா?’ என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் வரும் பதில் ஒன்றுதான்: “ஓம், அதெல்லாம் பிரச்சினை இல்லை, நம்மட பொடியனுகள் நாலு பேர் நிற்கிறானுகள், தூக்கி விடுவானுகள்.” மனதாரத்தான் சொல்கிறார்கள், தூக்கவும் செய்வார்கள். ஆனால் ஒரு நாளைக்கு ஆறு தடவை, அதில் இரண்டு தடவை ஈர உடம்போடு, முன்பின் தெரியாத பொடியன்கள் தூக்கவேண்டிய இடத்துக்கு ஒரு வளர்ந்த மனிதன் ஓய்வெடுக்கப் போவானா? தூக்குவது உதவி. வசதி என்றால் அண்ணா தன் கையால் சில்லைத் தள்ளிக்கொண்டு கட்டில், கழிப்பறை, சாப்பாட்டு மேசை மூன்றுக்கும் போய்வருவது. இந்த இரண்டும் ஒன்றென்று அவர்கள் நினைக்கிறார்கள், உங்களுக்கு நடந்ததும் அதனால்தான். ஆகவே ‘இருக்கா, இல்லையா’ என்று கேட்பதை விட்டுவிடுங்கள். அளவைக் கேளுங்கள், படத்தைக் கேளுங்கள்.

முதலில் உங்கள் பக்கத்து அளவை எடுத்துவையுங்கள். அண்ணாவின் நாற்காலியில் ஆக வெளியே நிற்பது கையால் தள்ளும் வளையம்தான், இருக்கையோ சில்லோ இல்லை. ஒரு பக்க வளையத்தின் வெளி விளிம்பில் இருந்து மற்றப் பக்க வளையத்தின் வெளி விளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள். ஆஸ்பத்திரிகளில் கொடுக்கும் மடிக்கிற இரும்பு நாற்காலி என்றால் 65 முதல் 68 சென்ரிமீற்றர் வரை வரும். பிறகு இருக்கையின் உயரத்தை மெத்தையோடு சேர்த்து எடுங்கள், அது 50 சென்ரிமீற்றரை ஒட்டி இருக்கும்.

இனி விடுதி. எதைக் கேட்காவிட்டாலும் பாத்ரூம் கதவைக் கேட்டுவிடுங்கள், மற்ற எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு வழி பிறக்கும், இதற்கு மட்டும் பிறக்காது. “இரண்டரை அடிக் கதவு மேடம், பெரிசு” என்பார்கள். அது நிலையோடு சேர்த்துத் தச்சர் சொல்லும் அளவு. இரண்டு பக்க நிலைக்கட்டையும், திறந்து நிற்கும் கதவின் தடிப்பும் போனால் பெரும்பாலும் மிஞ்சுவது 60, 65 சென்ரிமீற்றர்தான். 65 சென்ரிமீற்றர் நாற்காலி 65 சென்ரிமீற்றர் வாசலால் போகாது, கை விரல் நசியும். கதவைத் திறந்தபின் கிடைக்கும் இடைவெளி 80 க்குக் குறையக்கூடாது, 90 என்றால் நிம்மதி.

அளவு நாடா இல்லை என்பார்கள். அதற்கு ஒரு வழி சொல்கிறேன், நான் எப்போதும் செய்வது. எந்த விடுதியின் வரவேற்பு மேசையிலும் ஏ4 தாள் இருக்கும், அதன் அகலம் 21 சென்ரிமீற்றர். நாலு தாளை வாசல் தரையில் பக்கத்தில் பக்கமாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நாலும் மடங்காமல் கிடந்தால் 84 சென்ரிமீற்றர், அண்ணா தாராளமாகப் போவார். மூன்றுதான் கிடக்கிறது, நாலாவது மடங்குகிறது என்றால் மிச்ச இடைவெளி எவ்வளவு என்று கட்டாயம் கேட்கவேண்டும். உள்ளே திரும்ப இடம் இருக்கிறதா என்று பார்க்க ரைல்ஸை எண்ணலாம். பாத்ரூம் தரைக்கு அநேகமாக ஒரு அடி ரைல்ஸ்தான் பதிப்பார்கள், அது 30 சென்ரிமீற்றர். சக்கர நாற்காலி முழு வட்டம் திரும்ப 150 சென்ரிமீற்றர் வேண்டும், அதாவது கொமட்டும் பேசினும் இல்லாத வெறும் தரையில் ஐந்துக்கு ஐந்து ரைல்ஸ். அவ்வளவு இல்லாவிட்டாலும் நேரே போய் பின்னால் வரலாம், ஆனால் அப்போது கதவு வெளிப்பக்கம் திறக்கவேண்டும். உள்ளே திறக்கும் கதவு நாற்காலி நுழைந்தபின் மூடாது.

வாசல் கட்டும் அப்படித்தான். தண்ணீர் அறைக்குள் வராமல் இருக்க மேசன் இரண்டு, மூன்று அங்குலத்துக்கு ஒரு கட்டுக் கட்டிவைத்திருப்பார். முன் சில்லுச் சின்னது, ஓர் அங்குலத்திலேயே முட்டி நிற்கும், ஆள் முன்னால் விழுவார். வாசலைத் தரையோடு ஒட்டிப் பக்கவாட்டில் இருந்து படம் எடுக்கச் சொல்லுங்கள், மேலே இருந்து எடுத்த படத்தில் கட்டின் உயரம் தெரியாது.

கொமட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் குடும்பத்தார் கவனிக்காமல் விடுவது இங்கேதான். சாதாரண கொமட் 40 சென்ரிமீற்றர் அளவு உயரம், அண்ணாவின் இருக்கை 50. இறங்குவது சுகம். திரும்பி ஏறும்போது அந்தப் பத்துச் சென்ரிமீற்றரையும் தோள்பட்டையால்தான் தூக்கவேண்டும், பிடிக்கக் கம்பி இல்லாவிட்டால் முடியாது, அல்லது தோள் பிடித்துக்கொள்ளும். படத்தில் கம்பி தெரிகிறதே என்று சந்தோஷப்படாதீர்கள், அது துவாய் போடும் கம்பியா என்று கேளுங்கள். துவாய்க் கம்பி இரண்டு சின்ன ஆணியில் நிற்பது, ஒரு ஆளின் பாரத்தைத் தாங்காது, சுவரோடு கழன்று வரும். அப்புறம் கொமட்டின் எந்தப் பக்கம் நாற்காலியை நிறுத்த இடம் இருக்கிறது? அண்ணாவுக்கு வலப்பக்கம் இறங்குவது பழக்கமா, இடப்பக்கமா? அதை அவரிடமே கேளுங்கள். 90 சென்ரிமீற்றர், அதாவது மூன்று ரைல்ஸ், அந்தப் பக்கம் வெறுமையாக இருக்கவேண்டும். இதெல்லாம் கிடைக்காத இடத்துக்கு நான் சொல்லும் ஒரே மாற்று, வீட்டில் பாவிக்கும் கொமட் கதிரையை (இருக்கையில் ஓட்டை உள்ள கதிரை) கூடவே கொண்டுபோவது. அதில் இருந்தபடியே குளிக்கவும் செய்யலாம், அகலமும் சக்கர நாற்காலியைவிடக் குறைவு. குளிக்க பிளாஸ்ரிக் கதிரை தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஈர ரைல்ஸில் அதன் கால் விரிந்து வழுக்கும், உணர்வில்லாத இடுப்பில் அடிபட்டால் அண்ணாவுக்கே தெரியாது.

சுடுதண்ணீரும் அதே காரணத்துக்காகத்தான் முக்கியம். அண்ணா காலில் விடுமுன் உங்கள் முழங்கையில் விட்டுப் பாருங்கள். புது இடத்துக் குழாய் எந்தப் பக்கம் சுடும் என்று யாருக்கும் தெரியாது, கால் வெந்து கொப்புளம் போட்டபின் கண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பாசிக்குடாவில் இன்னொன்று. சில விடுதிகளில் குளிக்கும் இடம் திறந்தவெளியில், கூழாங்கல் பரப்பி, நடுவே நடைக்கல் வைத்து அழகாக இருக்கும். படத்தைப் பார்த்து ஆசைப்பட்டுப் பதிந்துவிடாதீர்கள், சில்லு ஓர் அடிகூட நகராது. கட்டிலும் அப்படி, மெத்தைக்கு மேல் மெத்தை போட்டு 65, 70 சென்ரிமீற்றர் உயர்த்தியிருப்பார்கள். ஒரு மெத்தையை எடுத்துவிடச் சொன்னால் எடுப்பார்கள், முதலே சொல்லவேண்டும். நுளம்பு வலைக்கு நாலு கால் நாட்டிய கட்டில் என்றால் நாற்காலியைச் சரித்து நிறுத்த இடம் கிடைக்குமா என்றும் பாருங்கள்.

அறை கீழ்மாடியில்தான். லிஃப்ட் இருந்தாலும் கீழ்மாடிதான், கரண்ட் நின்றால் மேலே மாட்டிக்கொள்வீர்கள். காலைச் சாப்பாடு எந்த மாடியில் என்று கேட்க மறக்கவேண்டாம். கீழே அறை தந்துவிட்டு மேலே சாப்பாட்டு மண்டபம் வைத்திருக்கும் இடங்களும் உண்டு.

சரிவுப்பாதைக்கு மனதில் நிற்கிற ஒரு கணக்கு: ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். ஆறு அங்குலப் படி ஒன்றுக்கு ஆறடிச் சரிவு. மூன்று படிக்கு நாலடிப் பலகையைச் சாய்த்துவிட்டு ‘ராம்ப் இருக்கு’ என்பார்கள், அது பெட்டி இழுக்கத்தான் சரிவரும். அண்ணா அதில் தானாக ஏறமுடியாது, பின்னால் ஆள் இல்லாமல் இறங்கினால் கவிழ்வார்.

இவ்வளவையும் கேட்க உங்களுக்குக் கூச்சமாக இருக்கும், தொந்தரவு கொடுக்கிறோமோ என்று தோன்றும். அப்படி நினைக்கவேண்டாம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 28 ஆம் இலக்கச் சட்டம் 1996 இல் வந்தது. பொதுமக்கள் வந்துபோகும் கட்டடங்களில் அணுகல் வசதி எப்படி இருக்கவேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006 இல் வந்தன. சக்கர நாற்காலியில் வாழ்ந்த அஜித் பெரேரா தொடர்ந்த வழக்கில், புதிதாகக் கட்டும் பொதுக் கட்டடங்கள், குறிப்பாக அவற்றின் கழிப்பறைகள், இந்த விதிகளின்படி அமையவேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2011 ஏப்ரல் 27 இல் உத்தரவிட்டது. பாசிக்குடாவின் பெரிய விடுதிகள் அநேகமாகப் போர் முடிந்தபின் எழுந்தவை, அதாவது விதி வந்தபின். அந்த வாசலின் அளவைக் கேட்பது அண்ணாவின் உரிமை. சட்டத்தைச் சொல்லிச் சண்டைக்குப் போகச் சொல்லவில்லை, தயங்காமல் கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

ரெலிபோனில் மட்டும் பேசி முடிக்காதீர்கள். பேசினவர் அன்றைக்கு லீவில் நிற்பார். வட்ஸ்அப்பில் இப்படி எழுதுங்கள்: “எங்களோடு சக்கர நாற்காலியில் வருபவர் ஒருவர் இருக்கிறார். நாற்காலி அகலம் 67 செ.மீ. கீழ்மாடி அறை வேண்டும். பாத்ரூம் வாசலில் ஏ4 தாள் நாலை வைத்து ஒரு படம், வாசல் கட்டு தெரிய ஒரு படம், கொமட்டும் அதன் இரண்டு பக்கமும் தெரிய ஒரு படம், வாகனம் நிற்கும் இடத்தில் இருந்து அறை வரை நடந்துகொண்டே ஒரு வீடியோ அனுப்பமுடியுமா? பார்த்தபின் அந்த அறை இலக்கத்தையே பதிவு செய்கிறோம்.” அறை இலக்கத்தை எழுத்தில் வாங்குவது முக்கியம். நாங்கள் அளந்து சரிபார்த்த அறையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு ‘இதுவும் அதே மாதிரித்தான்’ என்று வேறொன்றைத் திறந்துவிட்ட இடமும் உண்டு, வசதியான பாத்ரூமுக்குள் விளக்குமாறும் பழைய மெத்தையும் அடுக்கிவைத்திருந்த இடமும் உண்டு. முன்பதிவுச் செயலிகளில் தெரியும் சக்கர நாற்காலி அடையாளத்தை நம்பி மட்டும் காசு கட்டாதீர்கள், அதைப் போடுவது பெரும்பாலும் விடுதிக்காரர்தான்.

அறுகம்பேயை இந்த முறை விடுவது நல்லது என்பது என் கருத்து. ஆகஸ்ட் அங்கே அலைச்சறுக்குக் காலம், சனம் நிறைய, கடலும் அண்ணா இறங்கக்கூடிய கடல் இல்லை. கபானாக்கள் பல தூணில் தூக்கிக் கட்டியவை, ஏணி மாதிரிப் படி, வாசல் முழுக்க மணல். மட்டக்களப்பில் இருந்து நூறு கிலோமீற்றருக்கு மேல் போய் ஒரு வராந்தாவில் இருந்துவிட்டு வருவதைவிட, அந்த இரவை மட்டக்களப்புப் பட்டணத்தில் கழியுங்கள். ஊர் முழுக்கச் சமதரை, வாவிக்கரைக் காந்திப் பூங்காவுக்குப் பின்னேரம் போகலாம், போதனா வைத்தியசாலையும் பக்கத்தில்.

கிளிநொச்சியில் இருந்து பாசிக்குடா அஞ்சாறு மணித்தியாலப் பயணம். வான் பிடித்தால் எல்லாரும் ஒன்றாகப் போகலாம் என்று நினைப்பீர்கள், ஆனால் வானின் இருக்கை உயரம், அண்ணாவைத் தூக்கித்தான் ஏற்றவேண்டும். வாகன்ஆர் மாதிரிக் காரின் முன் இருக்கை சக்கர நாற்காலி உயரத்துக்குக் கிட்ட வரும், இரண்டுக்கும் நடுவே பலகை ஒன்று வைத்துத் தானாகவே நகர்ந்து ஏறலாம். நாற்காலி மெத்தையை அவர் இருக்கும் கார் இருக்கையில் போடுங்கள், டிக்கியில் போடாதீர்கள். அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் இரண்டு கையையும் ஊன்றி இடுப்பைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள், படுக்கைப் புண் பயணத்தில்தான் தொடங்கும்.

கடைசியாகக் கடல். பாசிக்குடாவில் முருகைக்கல் பார் அலையை வெளியிலேயே மறித்துவிடும், கரையில் இருந்து வெகுதூரம் இடுப்பளவு தண்ணீர்தான். ஆகஸ்டில் கடல் அமைதி. மணலில் முன் சில்லுப் புதையும், அதனால் நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இழுங்கள், பெரிய சில்லு முன்னே போகட்டும், ஈர மணலை எட்டினால் ஓடும். தண்ணீருக்குள் சாதாரண நாற்காலியை இறக்கவேண்டாம், உப்பு பெயாரிங்கைத் தின்றுவிடும். கைப்பிடி உள்ள பிளாஸ்ரிக் கதிரை ஒன்றை முழங்காலளவுத் தண்ணீரில் மணலில் அழுத்திவைத்து, அதன்மேல் பழைய ரப்பர் மெத்தை ஒன்றைப் போட்டு, அவரைத் தூக்கி அதில் இருத்துங்கள், இரண்டு பேர் பக்கத்தில் நில்லுங்கள். இங்கே தூக்குவது பரவாயில்லை, ஆனால் யார் தூக்குவது, எப்படிப் பிடிப்பது என்று அண்ணா சொல்லட்டும். காலுக்குச் சப்பாத்துக் கட்டாயம், முருகைக்கல் துண்டு வெட்டினால் அவருக்குத் தெரியாது. காலை எட்டரைக்குள் போங்கள், வெயில் ஏறினால் நாற்காலியின் இரும்பு சுடும். அறைக்குத் திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, பாதமும் இடுப்பும் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பு அரை மணித்தியாலத்தில் மறையாவிட்டால் அது மறையும்வரை அந்த இடத்தில் பாரம் கொடுக்காமல் குப்புறப் படுக்க விடுங்கள்.

விடுதி படங்கள் அனுப்பியதும் எனக்கும் அனுப்புங்கள் தங்கச்சி, காசு கட்டமுன் பார்த்துச் சொல்கிறேன்.