டோஸ் ஒன்றுதான், புரோத்தன் எங்கே போய் நிற்கிறது?

கட்டிக்குக் கொடுக்கும் கதிர்ச் சிகிச்சை பற்றிய கேள்வி இதுதான்: "எக்ஸ்-கதிர் என்றாலும் 54 கிரே, புரோத்தன் என்றாலும் 54 கிரே என்கிறார்கள். டோஸ் ஒன்றென்றால் பக்கவிளைவு மட்டும் எப்படி வேறுபடும்?"

நான் டாக்டர் இல்லை. வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவன். தங்கச்சியின் மகனுக்கு ஒன்பது வயதில் பின்மூளையில் கட்டி வந்தது. கொழும்பில் ஒப்பரேஷன் முடிந்தது. கட்டி மூளைத்தண்டை ஒட்டி இருந்ததால் எக்ஸ்-கதிரைவிடப் புரோத்தன் (ஐதரசன் அணுவின் கரு, வேகமாகப் பாய்ச்சும் துணிக்கை) நல்லது என்றார்கள். இலங்கையில் அந்த வசதி இல்லை. தெற்காசியாவின் முதல் புரோத்தன் மையம் 2019இல் சென்னையில் தொடங்கியது. அங்கேதான் போனோம். நாளுக்கு 1.8 கிரே வீதம் 30 நாள், சரியாக 54. நம் ஊர்ப் பாஷையில் சொன்னால், ஆறு வாரம் கரண்ட் பிடித்தோம், அதாவது கதிர்ச் சிகிச்சை எடுத்தோம்.

முதல் நாள் முகமூடி செய்தார்கள். சுடுநீரில் இளகிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் போட்டு அமர்த்தினால் கொஞ்ச நேரத்தில் இறுகிவிடும். தினமும் கழற்றும்போது கன்னம் முழுக்கக் கட்டம் கட்டமாக அச்சு விழுந்திருக்கும். அந்த அச்சைத் தடவிக்கொண்டே ஒருநாள் கேட்டான்: "அது உள்ளுக்குப் போய் எங்கே நிக்கும் மாமா?"

உங்கள் கேள்விக்கான பதில் அவன் கேள்விக்குள்தான் இருக்கிறது.

கிரே என்பது ஒரு கிலோ உடலில் இத்தனை ஜூல் சக்தி இறங்கியது என்ற கணக்கு, அவ்வளவுதான். 54 கிரேயை ஒரே தடவையில் தண்ணீரில் இறக்கினாலும் சூடு ஒரு பாகையில் நூறில் ஒரு பங்குதான் ஏறும். ஒரு கோப்பை பிளேன்ரீயில் கண்டுபிடிக்கவே முடியாது. அப்படியானால் கட்டியைக் கொல்வது சக்தியின் அளவு மட்டுமல்ல, அது எப்படி இறங்குகிறது என்பதும்தான்.

காலி வீதியில் விரைந்து ஓடும் பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்குவது குறைவு. ஊரத் தொடங்கினால் ஒவ்வொருவராகக் குதிப்பார்கள். கடைசித் தரிப்பில் மொத்தமும் காலி. புரோத்தனும் அப்படித்தான். வேகமாகப் போகும்வரை வழியில் கொஞ்சமாகத்தான் சக்தியை விடும். வேகம் குறையக் குறைய அதிகமாக விட்டு, முடிவில் கொட்டிவிட்டு நின்றுவிடும். இதுதான் பிராக் உச்சி. அதற்கப்பால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. எக்ஸ்-கதிர் மறுபக்கத்தால் வெளியே போகும், புரோத்தன் போகாது. அதன் பெருமை முழுவதும் இதில்தான்.

சிக்கலும் இதே இடத்தில்தான். பாதையின் ஒவ்வொரு மைக்ரோமீற்றரிலும் எவ்வளவு சக்தி விடுகிறது என்பதை நேர்கோட்டுச் சக்தி மாற்றம் என்பார்கள், சுருக்கமாக எல்.ஈ.ரி. (மின்குமிழ் எல்.ஈ.டி இல்லை.) துணிக்கைகளின் சக்தியை இலத்திரன் வோல்ற்றில் அளப்பார்கள். 150 மெகா இலத்திரன் வோல்ற்றோடு உள்ளே நுழையும் புரோத்தனுக்கு அது மைக்ரோமீற்றருக்கு ஏறக்குறைய 0.5 கிலோ இலத்திரன் வோல்ற். நிற்பதற்கு ஒரு மில்லிமீற்றர் முன்னால் ஐந்தை நெருங்கும், அதற்குப் பிறகு பத்தையும் தாண்டும்.

தச்சனைக் கேளுங்கள். பத்து ஆணியைப் பலகை முழுக்கப் பரவலாக அடித்தால் பலகை தாங்கும். அதே பத்தையும் ஒரே இழையோட்டத்தில் நெருக்கி அடித்தால் பிளந்துவிடும். ஆணியின் எண்ணிக்கை டோஸ், நெருக்கம் எல்.ஈ.ரி. டி.என்.ஏ.யின் இரண்டு இழையும் பக்கத்துப் பக்கத்தில் அறுந்தால் உயிரணுவால் சரியாக ஒட்டவைக்க முடியாது.

இதற்காக மருத்துவர்கள் ஒரு பெருக்கி வைத்திருக்கிறார்கள்: 1.1. புரோத்தன் எக்ஸ்-கதிரைவிடப் பத்து வீதம் கூடுதல் வலு என்று எடுத்துக்கொள்வார்கள். அப்படியென்றால் புரோத்தனின் "54 கிரே" உண்மையில் இறங்குவது 49 கிரேதான். ஆனால் எல்லா இடத்துக்கும் ஒரே 1.1 என்பது வசதிக்கான கணக்கு. ஆய்வுக்கூடத்தில் உயிரணுக்களில் அளந்தால் நுழையும் இடத்தில் 1.1 ஒத்துவரும். கதிர் முடியும் விளிம்பில் 1.3ஐத் தாண்டும், டோஸ் விழுந்துபோகும் கடைசி வாலில் 1.7 அளவுக்கும் போகும்.

அந்த வால் எங்கே விழும்? கட்டிக்குள் விழுந்தால் நல்லதுதான். ஆனால் புரோத்தன் எவ்வளவு ஆழம் போகும் என்பதை ஸ்கானிலிருந்து கணிப்பதில் மூன்று, மூன்றரை வீதம் பிசகலாம். 15 சென்ரிமீற்றர் ஆழத்தில் அது அரைச் சென்ரிமீற்றர். கட்டியில் ஒரு ஓரம் தப்பிவிடக் கூடாதென்று கொஞ்சம் தள்ளியே நிறுத்துவார்கள். ஆக, ஆணி நெருக்கமாக விழும் பகுதி பல நேரம் கட்டியைத் தாண்டி நல்ல திசுவில் உட்காரும்.

சென்னையில் மருத்துவப் பௌதிகவியலாளர் ஒருவர் திரையில் காட்டினார். பின்னந்தலையிலிருந்து ஒரே நேராக விட்டால் கதிர் சரியாக மூளைத்தண்டில் போய் நிற்கும். "அதனாலதான் சார் மூணு திசையில பிரிச்சிருக்கோம், எல்லாம் ஒரே இடத்துல முடியக்கூடாது" என்றார். எனக்கு அதுவரை டோஸ் படம் மட்டும்தான் தெரியும். எல்.ஈ.ரி படம் என்று தனியாக ஒன்றைக் கணிக்கலாம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

சரி, பக்கவிளைவுக்கு வருவோம். காதுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு முடி கொட்டியது, தோல் கறுத்தது. அது டோஸ் செய்த வேலை. தோலில் புரோத்தன் இன்னும் வேகமாகத்தான் போகிறது, எல்.ஈ.ரி குறைவு. உயர்சக்தி எக்ஸ்-கதிர் தோலைக் கொஞ்சம் தப்பவிடும், புரோத்தன் அவ்வளவாகத் தப்பவிடாது. ஆகவே புரோத்தன் என்றால் தோலுக்கு ஒன்றும் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாதக்கணக்கில் கழித்து வருகிற மூளைத்திசு மாற்றங்களில்தான் எல்.ஈ.ரி மீது சந்தேகம். நோயாளிகளிடம் செய்த ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. சிலவற்றில் தொடர்பு தெரிகிறது, சிலவற்றில் இல்லை. என் பார்வையில் டோஸும் அது பட்ட பரப்பும்தான் முதல் காரணம். அப்புறம் வயது, ஒப்பரேஷன், கூடவே கொடுத்த மருந்து. எல்.ஈ.ரி அதற்கு மேல் ஏறும் சுமை. ஆனால் கதிர் முடியும் இடத்தில் மூளைத்தண்டோ பார்வை நரம்போ இருந்தால் அந்தச் சுமை சின்னதில்லை.

சிகிச்சை முடிந்து ஏழாம் மாதம் கொழும்பில் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் ஒரு வெள்ளைப் புள்ளி. தங்கச்சி இரண்டு நாள் சாப்பிடவில்லை. கட்டி திரும்பிவிட்டதோ என்றுதான் இங்கே முதலில் பேச்சு. சென்னைக்குப் படத்தை அனுப்பினோம். அவர்கள் பழைய சிகிச்சைத் திட்டத்தின்மேல் (கதிர் எங்கிருந்து போய் எங்கே முடியும் என்று கணித்த படம்) அதை வைத்துப் பார்த்து, புள்ளி கதிர்கள் முடியும் விளிம்பில்தான் இருக்கிறது, கட்டியாக இல்லாமல் கதிரின் விளைவாக இருக்கலாம், பொறுத்துப் பார்ப்போம் என்றார்கள். அடுத்த ஸ்கானில் மங்கியது, அதற்கடுத்ததில் காணவில்லை. அவனுக்கு ஒரு தலைவலிகூட வரவில்லை.

ஆகவே நீங்கள் போவதானால், கதிர் எத்தனை திசையிலிருந்து, ஒவ்வொன்றும் எதன்மேல் போய் முடிகிறது என்று கேளுங்கள். திரும்பும்போது அறிக்கைக் கடதாசி மட்டும் போதாது, திட்டத்தையும் சீடியில் கேட்டு வாங்கி வாருங்கள். இங்கே ஸ்கான் எடுக்கும் ஒவ்வொரு முறையும் படம் வாசிக்கிற டாக்டரிடம் அதைக் கொடுங்கள். நாங்கள் அதைச் சென்னையிலேயே விட்டுவிட்டு வந்தோம்.